பத்து வயது வரைக்கும்

ஜூன் 3

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடாதே. போனில் பேசிவிடேன் என்றுதான் உன் அண்ணன் சொன்னார். போனில் பேசினால் நான் பாதியில் அழுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதுவும் போக, இந்த வீட்டில் போன் என் காதுக்கு வந்த மறு நொடி குண்டு வந்து பிடுங்கிக்கொள்வான். மூன்று வயசுக்கு அவன் பிடி இரும்புப் பிடி.

நீ பெண்கள் விடுதிக்கு வார்டனாகப் போய் இத்தனை வருஷம் ஆகியும், எதற்கெடுத்தாலும் வாதாடுகிற உனக்கு இங்கே வக்கீல் என்றுதான் பட்டப்பேர். சிட்டுவும் உன்னை வக்கீல் அத்தை என்றுதான் சொல்கிறாள். உன் போட்டோவைக் காட்டி இது யார் என்று குண்டுவுக்குப் பாடம் நடத்துகிறாள். ஆறு வயசாகிறது அவளுக்கு.

நீ கடைசியாக இவர்களைப் பார்த்தது குண்டு பிறந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியில். தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தி நாலு வயசுல இது தேவையா அண்ணி? நாளைக்கு யார் தலையில கட்டப் போறீங்க?" என்று கேட்டாய். தையல் போட்ட வலியோடு படுத்திருந்தவளிடம் கேட்டாய். "உன் தலையில கட்ட மாட்டேன், பயப்படாதே" என்று நானும் சொல்லிவிட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். அவ்வளவுதான் நம் பேச்சு. அதற்கப்புறம் உன் அண்ணன் வழியாக நீ நலமா என்று கேட்பேன், நான் நலமா என்று நீ கேட்பாய். நடுவில் அந்த மனுஷன் தபால்காரர் மாதிரி அலைந்தார்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இப்போது உன் தலையில் கட்டத்தான் எழுதுகிறேன்.

என் வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது. மாதவிலக்கு நிற்கிற வயசு, அதனால்தான் இந்தத் தொந்தரவு என்று நானே வைத்தியம் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்திவிட்டேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, திறந்து பார்த்தால்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும் என்கிறார். பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்தொன்றாம் தேதி ஆபரேஷன். உன் அண்ணன் என்னோடு இருக்க வேண்டும். ஆகவே முதல் விஷயம்: ஒரு மூன்று வாரம் இங்கே வந்து பிள்ளைகளோடு இருப்பாயா?

இரண்டாவது விஷயம்தான் எனக்கு முக்கியம். நான் எழுந்து வராமல் போனால் இவர்களை நீ வளர்க்க வேண்டும். உன் அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவருக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு ஓடுகிற வேலை. போன வாரம் சிட்டுவுக்கு ஒரு முன்பல் விழுந்தது, அதே வாரம் அவருக்கும் ஒரு கடைவாய்ப்பல் விழுந்தது. "கவலைப்படாதீங்கப்பா, உங்களுக்கும் முளைக்கும்" என்று அவள் தேற்றினாள். அந்த நிலைமையில் இருக்கிறோம் நாங்கள்.

கல்யாணமாகிப் பதினேழு வருஷம் தினமும் காலையில் கடவுளிடம் ஒன்றையே கேட்டேன். ஒன்று கேட்டதற்கு இரண்டாகக் கொடுத்தார். அதற்கப்புறம் நன்றி மட்டும்தான் சொல்கிறேன். இனியும் ஒன்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் உன்னைக் கேட்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதிப் போடு. அது கையில் இருந்தால் நான் நிம்மதியாகப் போய்ப் படுப்பேன்.

உனக்குக் கடவுள் நல்ல மனசைக் கொடுத்திருக்கிறார். அதைக் கொஞ்சம் வெளியே எடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்ளும்,

உன் அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

ஓரமாகப் போடவில்லை. சாவிக்கொத்துக்கு அடியில் இரண்டு நாள் வைத்திருந்தேன். இங்கே தண்ணீர்த் தொட்டி மோட்டார் எரிந்துபோய், அறுபது பெண்கள் வாளியோடு என் அறை வாசலில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் படிக்கிற கடிதமா அது?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் லீவு கேட்டதைப் பார்த்து மேனேஜர் மிரண்டுபோய், வீட்டில் யாருக்காவது கல்யாணமா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் அங்கே இருப்பேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னது சொன்னதுதான். அதை இப்போது துடைக்க உட்காரவில்லை. பத்தொன்பது வயசில் பிள்ளை பெற்றவள் நான். அவனுக்கு நாலு வயசாகும்போது அவன் அப்பா போய்ச் சேர்ந்தார். பிள்ளை வளர்ப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், அதனால் கேட்டேன்.

இல்லை, எனக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்ததும் அதுதான் தோன்றியது. சிட்டுவுக்கு முன்பல் விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகனுக்கு எந்தப் பல் முதலில் விழுந்தது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் முதல் வார்த்தை பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். நான் பேக்கிங் செக்‌ஷனில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த வயசில் ஓடத் தெம்பு இருந்தது. நின்று பார்க்க நேரம் இல்லை. நீங்கள் மூட்டு வலியோடு நின்று பார்க்கிறீர்கள். யாருக்கு எது வாய்த்தது என்று சண்டை போட வேண்டுமானால் கடவுளிடம்தான் போட வேண்டும். அவர் உங்களுக்கு நெருக்கம், நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். சரி என்று எழுத மாட்டேன்.

கோபப்படாமல் படியுங்கள். உங்களை எனக்கு நீங்கள் நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தெரியும். பாத்திரம் கழுவி, துணி மடித்து, பத்துப் பைசா விடாமல் அன்றைய கணக்கை எழுதி முடித்துவிட்டுத்தான் உட்காருவீர்கள். வேலை பாக்கி இருந்தால் உங்களுக்குக் கண் மூடாது. நான் சரி என்று எழுதிவிட்டால், அந்த வேலையும் முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுவீர்கள். ஆகையால் இது ஒன்று முடியாத வேலையாகவே இருக்கட்டும்.

கடவுளிடம் கேட்க வெட்கமாம், என்னிடம் கேட்க வெட்கமில்லையாம். எழுந்து வருகிறேன் என்று அவரிடம் கேளுங்கள். அவருக்கு அது பெரிய வேலை இல்லை.

வக்கீல்

பி.கு: பிள்ளைகள் என்ன சாப்பிடும், எப்போது தூங்கும் என்று எழுதி வையுங்கள். அறுபது பேரை மேய்க்கிறவள்தான், ஆனால் அந்த அறுபதும் தானாகவே மூக்குச் சிந்தும்.


ஜூன் 19, காலை

வக்கீலம்மாவுக்கு,

நீ வந்து சேரும்போது நாங்கள் ரயிலில் இருப்போம். அதுவரைக்கும் எதிர்வீட்டு டீச்சரம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். உன் பதிலைப் படித்து ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். உன் அண்ணனிடம் காட்டினேன். "அவ அப்படித்தான்" என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே தீர்ப்பு அது. ஆனாலும் நீ வருகிறாய். அதற்கு இன்று காலை நன்றி சொல்லிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடமும் சொல்கிறேன்.

சிட்டு எழுப்பினால் எழுந்திருக்க மாட்டாள். எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து வேறு யாரோடாவது பேசு, என்ன பேச்சு என்று கேட்க எழுந்துவிடுவாள். ஆடுகிற பல் இன்னொன்று இருக்கிறது. அதனால் வலது பக்கம்தான் மெல்லுவாள், சாப்பிட நேரமாகும், அதட்டாதே. குண்டுவுக்குச் சோறு ஊட்டும்போது அவனும் ஒரு ஸ்பூனில் உனக்கு ஊட்டுவான். வாங்கிக்கொள். வாங்காவிட்டால் அவனும் வாயைத் திறக்க மாட்டான். தரையில் உட்கார்ந்து விளையாடக் கூப்பிடுவார்கள். சோபாவுக்குப் பக்கமாகப் பார்த்து உட்கார், எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள அதன் கை உதவும். நமக்கு ஒரே வயசுதானே, உன் முட்டியும் என் முட்டி மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூட வாசலில் இருக்கிற அம்மாக்களுக்கெல்லாம் இருபத்தைந்து, முப்பது வயசுதான் இருக்கும். என்னை ஆன்ட்டி என்பார்கள். முதலில் சுருக்கென்றிருந்தது. அப்புறம் ஒரு பெண், பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறான், என்ன செய்வது என்று கேட்டாள். எனக்கும் தெரியலைம்மா, என் பையனும் அழறான் என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து எனக்கு ஒரு இடம் பிடித்து வைக்கிறாள். உனக்கும் வைப்பாள்.

ஜன்னல் திரையில் நூல் கோர்த்த ஊசிகள் வரிசையாகக் குத்தியிருக்கும். பார்த்துக் கை வை. சிட்டு தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கோர்த்துக் கொடுத்துவிட்டுப் போவாள். கண்ணாடி போட்டாலும் எனக்கு ஊசியின் காது தெரிவதில்லை. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரே குத்தில் கோர்ப்பாள். அதைப் பார்க்கவே நான் தினமும் ஒரு ஊசி அதிகமாகக் கொடுப்பேன்.

மர அலமாரியின் கீழ்த்தட்டை நீ திறக்க வேண்டியதில்லை. தேவைப்பட்டால் உன் அண்ணன் திறந்து காட்டுவார்.

பிள்ளைகளிடம் ஊருக்குப் போய் வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். "எதுக்கு?" என்று சிட்டு கேட்டாள். வயித்தை ரிப்பேர் பண்ண என்றேன். அப்பாவே பண்ண மாட்டாரா என்று கேட்டாள். அப்பா லிஃப்ட் மட்டும்தான் பண்ணுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

குண்டு தூங்கும்போது கிளம்புகிறேன். முத்தம் கொடுத்தால் விழித்துவிடுவான். கொடுக்கவில்லை.

அண்ணி


ஜூன் 26

அண்ணிக்கு,

ஆபரேஷன் முடிந்தது, கண் திறந்தீர்கள், பேசினீர்கள் என்று அண்ணன் போனில் சொன்னான். முதல் பேச்சே குண்டு சாப்பிட்டானா என்பதாம். சாப்பிட்டான். எனக்கும் ஊட்டினான், நானும் சாப்பிட்டேன். மூக்கைத் துடைத்த கையாலேயே ஊட்டினான்.

துணி மாற்ற அண்ணன் ஒரு நாள் வந்திருக்கிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். எடுத்துப் போக உங்கள் துணி ஒன்றும் இல்லை. அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. பூங்காவில் குண்டு சறுக்குமரத்தின் உச்சியில் ஏறிவிட்டு இறங்க மாட்டேன் என்றான். நான் ஏறினேன். ஏறியது ஏறிவிட்டேன், திரும்ப முடியவில்லை. இடுப்பு இரண்டு கம்பிக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்று கத்துகின்றன. சிட்டு கீழே நின்று, "அத்தை, வயித்தை உள்ள இழுங்க" என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி யோசனை சொல்கிறாள். கடைசியில் குண்டு என் முதுகில் ஒரு உதை விட்டான். இரண்டு பேரும் ஒன்றாகச் சறுக்கி மணலில் விழுந்தோம். அங்கிருந்த பெரியவர் ஒருவர், உங்க பிள்ளை ரொம்பச் சுட்டி என்றார். நான் திருத்தவில்லை அண்ணி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போதும் சிரிப்பாகத்தான் இருந்தது.

இனி சண்டைக்கு வருகிறேன்.

நேற்று நான் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தால், சிட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து ஏழு மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறாள். நாலு, ஐந்து என்று பத்து வரைக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு வயசு எழுதிய துண்டுத் தாள் குத்தியிருந்தது. இதெல்லாம் என்ன என்று கேட்டேன். "எனக்கும் தம்பிக்கும் அம்மா தைச்சது. பெரிசானதும் போட்டுக்கிறதுக்கு. எல்லா ஊசியும் நான்தான் கோர்த்தேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கவுன்களின் துணியெல்லாம் எனக்குத் தெரியும், எல்லாம் நீங்கள் உடுத்தியவை. அந்தப் பச்சை உங்கள் கல்யாண நாளுக்கு அண்ணன் எடுத்தது. நீலம் நான் கொடுத்தது. அலமாரியில் உங்கள் துணித் தட்டைத் திறந்து பார்த்தேன். வீட்டில் கட்டுகிற பழசு இரண்டைத் தவிர வெறும் பலகை. ஒன்றுவிடாமல் வெட்டித் தைத்திருக்கிறீர்கள். பத்து வயசு வரைக்கும் பிள்ளைகளுக்குத் துணி தயார், உங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரப் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. வருகிறவள் செய்கிற காரியமா இது?

நான் சரி என்று எழுதிக் கொடுக்கவில்லை, அதனால் என்ன, நீங்கள் அதற்கு முன்னாலேயே பாதி வேலையை முடித்து மூட்டை கட்டி வைத்துவிட்டீர்கள்.

உட்கார்ந்து அழுதேன். அதற்குள் சிட்டு 'எட்டு' மூட்டையிலிருந்து அந்தப் பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். தோள் கச்சிதம். ஆறு வயசுப் பெண்ணுக்கு எட்டு வயசுக் கவுன். அளவு எங்கே எடுத்தீர்கள்? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை நிற்க வைத்து எடுத்தீர்களாம், சிட்டுதான் சொன்னாள். அந்த வீட்டில் எல்லோரும் குட்டை. இவள் உங்கள் மகள் மட்டும் இல்லை அண்ணி, எனக்கும் அண்ணன் மகள். என் உயரம். அவளுக்கு எட்டு வயசு வரும்போது உங்கள் 'பத்து' அவள் முழங்காலுக்கு மேலே நிற்கும். குண்டுவின் 'நாலு' சட்டையில் இப்போதே பித்தான் போட முடியவில்லை, தொப்பைக்கு நீங்கள் இடம் விடவில்லை.

பைசா கணக்குப் பிசகாத ஆள், இதில் மொத்தமாகக் கோட்டை விட்டுவிட்டீர்கள். பிள்ளைக்கு முன்கூட்டித் தைக்க முடியாது. பக்கத்தில் நிற்க வைத்து, அளவெடுத்து, அந்தந்த வருஷம்தான் தைக்க முடியும்.

ஆகையால் ஏழு மூட்டையையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் வீட்டில் கொடுத்துவிட்டேன். அவருக்கு மூன்று பெண், ஒரு பையன். அவர் சம்சாரம் கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு கவுன் கூட எடுத்து வைக்கவில்லை. கீழ்த்தட்டு காலி. வேண்டுமானால் நீங்களே எழுந்து வந்து தைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிகள் மட்டும் திரையில் இருக்கின்றன. நீங்கள் இல்லாவிட்டாலும் சிட்டு தினமும் கோர்த்துவிட்டுத்தான் போகிறாள். திரை தொங்க முடியாமல் தொங்குகிறது.

வக்கீல்


ஜூலை 2
ஆஸ்பத்திரி

வக்கீலே,

அன்புள்ள என்று போட எனக்குக் கை வரவில்லை. இந்தக் கடிதம் முடிவதற்குள் வருகிறதா பார்ப்போம்.

என்ன துணிச்சல் உனக்கு. ஒவ்வொரு தையலும் சிட்டு பள்ளிக்கூடம் போய், குண்டு தூங்குகிற நேரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு போட்டது. பத்தோடு ஏன் நிறுத்தினேன் தெரியுமா? அதற்கு மேல் பிள்ளைகளுக்கென்று ஒரு ருசி வந்துவிடும், அம்மா தைத்ததைப் போட மாட்டார்கள். அதையெல்லாம் யோசித்து யோசித்துச் செய்தேன். நீ ஒரே நாளில் வேன்காரர் வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டாய்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்னை எழுந்து நடக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று படுத்துக்கிடந்தேன். வலி ஒரு பக்கம், ரிசல்ட் வராத பயம் ஒரு பக்கம். நர்ஸ் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். உன் அண்ணன் ஆஸ்பத்திரி லிஃப்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து, மூணாவது மாடியில ஒரு சத்தம் வருது, வா காட்டறேன் என்று கூப்பிட்டுப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு அதுதான் கொஞ்சல். அதற்கும் நான் அசையவில்லை.

அப்போதுதான் உன் கடிதத்தைக் கொடுத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். சறுக்குமரத்துக்குச் சிரித்ததில் தையல் இழுத்தது. கீழே படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டையைக் கொடுத்துவிட்டேன் என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டேன். செருப்புக்கூடப் போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வராண்டாவில் போன் இருக்கிற இடம் வரைக்கும் நடந்தேன், உன்னைக் கூப்பிட்டுத் திட்டுவதற்கு. போய்ச் சேர்ந்ததும்தான் தெரிந்தது, மூச்சு வாங்குகிற வாங்கில் திட்ட முடியாது என்று. பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்னாலேயே ஓடி வந்த நர்ஸ் கேட்டாள், "யாரும்மா எழுதினது இந்த லெட்டர்? இந்த வார்டுல எல்லாருக்கும் ஒண்ணு எழுதச் சொல்லுங்க."

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் யோசித்தேன். சிட்டுவுக்கு எட்டு வயசுக் கவுன் சரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான். எட்டில் எப்படி இருப்பாள், பத்தில் எப்படி இருப்பாள் என்று எனக்கு நானே ஒரு பெண்ணைக் கற்பனை பண்ணி, அவளுக்குத் தைத்திருக்கிறேன். அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி குட்டையாக இருக்கிறாள். என் மகள் நெட்டையாக, திரை நிறைய ஊசியோடு வீட்டில் நிற்கிறாள். அவளை நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நன்றி சொல்கிற வாயால் முதல் தடவையாக இன்னொன்று கேட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டேன். அந்த வராண்டாவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

இன்று காலை டாக்டரம்மா வந்தார். பயப்படுகிற வகை இல்லையாம். வேரோடு எடுத்தாகிவிட்டதாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். "நீங்க கிழவி ஆகற வரைக்கும்" என்றார். உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜன்னல் கொக்கி லூசாக இருக்கிறது என்று ரொம்ப நேரம் அதையே திருகிக்கொண்டிருந்தார்.

கிழவி ஆகிற வரைக்கும். இதைவிட நல்ல வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பள்ளிக்கூட வாசலில் ஆன்ட்டி என்ன, பாட்டி என்றே கூப்பிடட்டும், திரும்பிப் பார்க்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை அனுப்புகிறார்கள். போட்டு வர எனக்குத் துணி இல்லை. நீ சொன்னதும் சரி, செய்ததும் சரி என்று நான் எழுதப்போவதில்லை. உன் நைட்டியில் ஒன்றைக் கொடுத்தனுப்பு, அது போதும். உன் உயரத்துக்கு எனக்குத் தரையில் இழுபடும். பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

அன்புள்ள

அண்ணி


அக்டோபர் 14

அண்ணிக்கு,

மூன்று வாரம் என்று வந்தவள் எட்டு வாரம் இருந்துவிட்டுப் போனதில் இங்கே என் நாற்காலியில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்தைப் பிடுங்கி வாங்கினேன். அறுபது பெண்களும் ஒழுங்காக மூக்குச் சிந்துகிறார்கள். யாரும் எனக்கு ஊட்டுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் தனியாக உட்காரும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் என் துணியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்படி ஏறினீர்களே, அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். குண்டு ஓடி வந்து துணியைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "அத்தை துணியை ஏன் போட்ட?" என்று அதட்டினான். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து அவன் தலையை மோந்தீர்கள். சிட்டு வரவில்லை. ஜன்னலுக்குப் போய்த் திரையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து வந்து உங்களிடம் நீட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பால் பொங்கவில்லை, அடுப்பே பற்ற வைக்கவில்லை. சும்மாதான் நின்றேன்.

நான் கிளம்பும்வரைக்கும் நீங்களும் நானும் அந்த மூட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரு நாள் வேன்காரர் மகள் உங்கள் நீலக் கவுனில் வந்து இறங்கினாள் இல்லையா. நீங்கள் அவளைக் கூப்பிட்டு, தோள்பட்டையைப் பிடித்துப் பார்த்து, "உனக்கு அளவா இருக்குடி" என்றீர்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஒரு செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்குப் போன் போட்டு, உனக்கு எந்தப் பல் முதல்ல விழுந்தது என்று கேட்டேன். உடம்பு சரியில்லையாம்மா என்று பதறிவிட்டான். அப்புறம் யோசித்து, கீழே நடுப்பல், டிபன் பாக்ஸில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், நீதான் தேய்க்கும்போது கொட்டிவிட்டாய் என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஆக, நானும் அங்கே இருந்திருக்கிறேன், பார்க்காமல் இருந்திருக்கிறேன். போனது போகட்டும். சிட்டுவின் இரண்டாவது பல் விழுந்தது என் கையில். அது இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது, நீங்கள் கேட்டாலும் தர மாட்டேன். நாற்பத்தேழு வயசில் எனக்கும் ஒரு பல்லைப் பார்க்கக் கிடைத்தது. உங்கள் கடவுளிடம் நான் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இதற்கு மட்டும் என் சார்பில் நன்றி சொல்லிவிடுங்கள்.

அடுத்த மாதம் சிட்டுவுக்கு ஏழு. இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. உள்ளே பச்சைத் துணி, அந்தப் பழைய பச்சை கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட அதே நிறம். வெட்டவில்லை. என் அளவில் ஒரு துணியும், உங்கள் அளவில் இரண்டும் இருக்கின்றன. உங்களுடையதை வெட்டிப் பிள்ளைகளுக்குத் தைத்தால் நான் மறுபடியும் லீவு போட்டுவிட்டு வருவேன். அவளைச் சுவரோரமாக நிற்க வைத்து அளவெடுங்கள். குண்டுவுக்குத் தொப்பைக்கு இடம் விடுங்கள். அடுத்த வருஷம் அடுத்த வருஷத்து அளவை எடுத்துக்கொள்ளலாம்.

என்னுடையதையும் தைத்து அனுப்பிவிடுங்கள். நேற்று ஒரு பித்தான் தைக்க உட்கார்ந்தேன், ஊசியின் காது எனக்கும் தெரியவில்லை. இங்கே கோர்த்துக் கொடுக்க ஆள் இல்லை. சிட்டு கோர்த்த ஊசியில் நான்கைந்தை ஒரு அட்டையில் குத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

வக்கீல்

பி.கு: ஜூன் மாதம் முதல் கடிதத்தில் இரண்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். ஒன்றுக்குத்தான் ஒத்துக்கொண்டேன். இப்போது உங்களுக்கு வேலை நிறைய பாக்கி இருக்கிறது, படுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் இரண்டாவதுக்கும் எழுதுகிறேன்.

சரி.